விலங்கியலுக்குப் பிறகு மானுடவியல் படிக்கலாமா?

கேள்வி: அரூர் அருகே வசிக்கிறோம். மகள் பி.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறாள். முதுகலையில் மானுடவியல் எடுக்க வேண்டும் என்கிறாள். பி.எட். முடித்து ஆசிரியராகட்டும் என்பது எங்கள் எண்ணம். இந்தப் படிப்பை நம்பி அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம். ஆனால், எந்த வேலையை மனத்தில் வைத்துச் சேர்கிறாள் என்பதை இப்போதே அவளுடன் பேசிவிடுங்கள். மனிதரின் உடலையும் சமூகத்தையும் பண்பாட்டையும் ஆராயும் மானுடவியல், தமிழகப் பள்ளிகளில் தனிப்பாடமாக இல்லாததால், பள்ளி ஆசிரியர் பணிக்கு இந்தப் பட்டம் நேரடியாகக் கைகொடுக்காது, பி.எட். சேர்வதானால் விலங்கியல் பட்டத்தைக் கொண்டுதான் சேர வேண்டியிருக்கும். இத்துறை உள்ள கல்லூரிகளும் குறைவு என்பதால், உதவிப் பேராசிரியர் பணியை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது.

விலங்கியல் படித்தது அவளுக்குப் பலமே. பரிணாமமும் மரபியலும், மனித உடலை ஆராயும் பிரிவான உயிரியல் மானுடவியலின் அடித்தளம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் இத்துறை உள்ளது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் முதுகலை நுழைவுத்தேர்வுக்குக் கல்வியாண்டின் நடுவிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். இறுதித் தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் ஓராண்டு வீணாகும்.

இப்படிப்பின் உயிர்நாடி களப்பணி. உங்கள் பகுதியில் உள்ள சித்தேரி மலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால், "ஐந்து பேர்" என்று பதில் வரலாம். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனைச் சேர்த்தா, சேர்க்காமலா? பக்கத்திலேயே தனி அடுப்பு மூட்டியிருக்கும் மூத்த மருமகள் அந்தக் கணக்கில் உண்டா? ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி என்று வம்சாவளியை வரைந்துகொண்டே வரும்போது, தாய்மாமனை மணந்த பெண்ணுக்குரிய வட்டம் மகள், மனைவி என்று இரண்டு இடங்களில் வந்து நிற்கும். உறவுமுறையும் மரபியலும் ஒரே தாளில் சந்திப்பதை அவள் கண்ணால் காண்பாள். கேள்வியைத் திருத்திக் கேட்கும் இந்தப் பயிற்சிக்குத்தான் பின்னாளில் சம்பளம் கிடைக்கிறது.

1945-இல் தொடங்கப்பட்ட இந்திய மானுடவியல் ஆய்வகத்தின் தலைமையகம் கொல்கத்தாவில் உள்ளது. தென்மண்டல மையம் மைசூரில் இயங்குகிறது. உதகையில் மாநில அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் மானுடவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரண்டு தாள்களுக்கும் சேர்த்து 500 மதிப்பெண். பாடத்திட்டம் அளவானது என்பதால், பொறியியல் படித்தவர்களும் இதை விரும்பி எடுக்கிறார்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான யூ.ஜி.சி. நெட் தேர்விலும் இப்பாடம் உண்டு. பொதுச் சுகாதாரம், பழங்குடியினர் நலம் ஆகியவற்றில் ஈடுபடும் தொண்டு நிறுவனங்களும், மக்கள் ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் பெங்களூரு நிறுவனங்களும் களப்பணி தெரிந்தவர்களை எடுத்துக்கொள்கின்றன. புள்ளியியல் மென்பொருள் ஒன்றையும் அவள் கற்றுக்கொண்டால் வாய்ப்பு கூடும்.

ஒரு எச்சரிக்கை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கி.மு. 2172 அளவிலேயே இரும்பு புழங்கியது என்று 2022-இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து, அகழாய்வுக் கனவோடு மானுடவியலில் சேரும் மாணவர்களைப் பார்க்கிறேன். அகழாய்வுதான் அவள் விருப்பம் என்றால் தொல்லியலையே முதன்மைப் பாடமாகக் கொண்ட படிப்பைத் தேடட்டும்; தொல்லியல் பணியிடங்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தகுதியைத்தான் கேட்கிறார்கள்.

விண்ணப்பிக்கும் முன், உங்கள் ஊரிலேயே பத்து வீடுகளின் வம்சாவளியை மூன்று தலைமுறைக்கு வரைந்து வரச் சொல்லுங்கள். ஒரே வாரத்தில் முடிந்துவிடும். மூன்றாம் வீட்டிலேயே சலித்துத் திரும்பினால் பி.எட். பற்றி மீண்டும் பேசலாம். பத்து வீட்டையும் முடித்து, பதினொன்றாவது வீட்டுக்கும் போக வேண்டும் என்றால், தயங்காமல் நுழைவுத்தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.