மோட்டார் ரூம் சாவியைக் கேமரா கண்டுபிடிக்குமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்து வீடுங்க எங்களது. மாமாவுக்கு எழுபது தாண்டிருச்சு. மோட்டார் ரூம் சாவியையும் அவர் கண்ணாடியையும் தேடறதே பொழப்பா இருக்குது. த்ரீ பேஸ் கரண்ட் வர்ற நேரத்துல சாவி கெடைக்கலைன்னா வீடே ரகளைதான். வாசல், ஆசாரம், களம்னு மூணு வைஃபை கேமரா ஏற்கெனவே இருக்குது. எந்தப் பொருள் எங்க கெடக்குதுன்னு கேமராவே வீட்டு வரைபடத்துல காட்டற மாதிரி இப்பச் செய்யலாம்னு தம்பி சொல்றான். செய்யலாமுங்களா?

பதில்: செய்யலாமுங்க, ஆனால் தம்பி நினைக்கிற அளவுக்கு இல்லை. ரிமோட்டைக் காட்டும், குடையைக் காட்டும். சாவியைக் காட்டாது.

பொருளை அடையாளம் காணும் மென்பொருள்களில் பெரும்பாலானவை 'கோகோ' என்ற படத்தொகுப்பை வைத்துப் பழக்கப்பட்டவை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்டது. அதில் 80 வகைப் பொருள்கள். செல்போன், கத்தரிக்கோல், புத்தகம் எல்லாம் உண்டு. வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும்கூட உண்டு. சாவி கிடையாது, மூக்குக்கண்ணாடியும் கிடையாது. காங்கேயத்தில் யார் வரிக்குதிரையைத் தொலைக்கப் போகிறார்கள்?

சரி, சாவியைப் படம் படமாகக் காட்டி நாமே பழக்கலாம் என்றால், அடுத்து அளவு இடிக்கும். உங்க ஆசாரத்துக் கேமரா 1080பி, பார்வைக் கோணம் 90 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டர் தள்ளி அது பார்க்கும் அகலம் 8 மீட்டர். 1080பி படத்தில் அந்த அகலத்துக்கு 1,920 புள்ளிகள் (பிக்சல்). 6 சென்டிமீட்டர் சாவிக்குக் கிடைப்பது 14 புள்ளிதான். மென்பொருளோ வேகத்துக்காகப் படத்தை 640 புள்ளி அகலத்துக்குச் சுருக்கித்தான் பெரும்பாலும் பார்க்கும். மிஞ்சுவது ஐந்து புள்ளி. அஞ்சு புள்ளியில் சாவியும் ஒண்ணுதான், பல்லியும் ஒண்ணுதான்.

வரைபடத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தரையில் நாலு இடத்தை அளந்து கொடுத்தால், கேமராப் படத்தில் உள்ள புள்ளி வீட்டுப் படத்தில் எங்கே விழும் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கணக்கு தரைக்கு மட்டும்தான். கட்டில் மேல் கிடக்கிற பொருளை அது இன்னும் தள்ளி, சுவரோரம் கிடப்பதாகக் காட்டும். டிராயருக்குள் போய்விட்டால் ஒன்றுமே காட்டாது.

அதனால் 'சாவி எங்கே?' என்று கேமராவைக் கேட்காதீங்க. 'ஆணியிலிருந்து எப்போது போச்சு?' என்று கேளுங்க. அதற்கு உங்க பழைய கேமராவே போதும்.

முதலில் சாவிக்கு ஓர் ஆணி அடியுங்க. ஆசாரத்துக் கேமராவைக் கழற்றி, ஆணிக்கு ஒரு மீட்டர் தூரத்தில் மாட்டுங்க. அதே சாவி இப்போது 58 புள்ளிக்குத் தெரியும். பக்கவாட்டில் மாட்டணும், சாவி எடுக்கிறவர் முதுகுப் பக்கம் கூடாது. என் வீட்டில் காணாமல் போன டெஸ்டருக்காக ஒரு மணி நேரப் பதிவைப் பார்த்தேன். என் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

அசைவு வந்தால் மட்டும் பதிகிற அமைப்பை மாற்றி, நாள் முழுக்கப் பதியும்படி வையுங்க. நொடிக்கு 1 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 11 ஜிபி. 128 ஜிபி கார்டு பத்து நாள் தாங்கும்.

இனி தேடும் முறை. காலை 6 மணிக்குச் சாவி ஆணியில் இருந்தது, மத்தியானம் 2 மணிக்குக் காணோம். எட்டு மணி நேரத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். நடுவில் 10 மணிக்குப் போங்க. இருக்கிறதா? அப்படியானால் 12-க்குப் போங்க. 12-ல் இல்லையா? 11-க்கு வாங்க. இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் ஒன்பது தடவையில் அந்த ஒரு நிமிஷத்தைப் பிடித்துவிடலாம். எடுத்த கை யாருடையது, எந்தப் பக்கம் போனது என்று தெரிந்துவிடும். மிச்சத்தைக் களத்துக் கேமராவில் அதே நேரத்துக்குப் போய்ப் பாருங்க.

இதோடு சாவிக்கொத்தில் ஒரு ப்ளூடூத் டேக்கும் கோத்துவிடுங்க. போனில் தொட்டால் கத்தும். மாமாவிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் அதற்குப் பொருந்தும் டேக்காகக் கேட்டு வாங்குங்க. ஆப்பிளின் ஏர்டேக் ஐபோனுக்கு மட்டும்தான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: தூரத்தில் கிடக்கிற டேக்கை, அதன் பக்கமாகப் போகிற மற்றவர்கள் போன்தான் காட்டிக்கொடுக்கும். தென்னந்தோப்புக்குள் விழுந்தால் அப்படி யார் போகப்போகிறார்கள்? கடைசியாகப் பார்த்த இடம்தான் வரும். அதை வைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

கண்ணாடிக்குக் கேமரா வேண்டாமுங்க. அது மாமா போகிற இடமெல்லாம் போகும். அதைத் துரத்திக் கேமரா மாட்டினால் படுக்கையறை வரைக்கும் போக வேண்டி வரும். கழுத்துக் கயிறு ஒன்று, கட்டில் பக்கத்தில் இன்னொரு கண்ணாடி, அது போதும். ஆணிக் கேமராவையும் அவரிடம் சொல்லிவிட்டே மாட்டுங்க, அவரே ஒருமுறை பதிவைப் பார்க்கட்டும்.