சோடா ரொட்டியில் விதையும் பழமும் சேர்க்கும்போது

கேள்வி: அயர்லாந்தின் கால்வே நகரில் வசிக்கிறேன். இங்கு எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் சோடா ரொட்டியை வீட்டில் செய்து பார்த்தேன். 450 கிராம் மைதா, 2 தேக்கரண்டி சமையல் சோடா, உப்பு, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்ட பால் ஆகியவற்றோடு சூரியகாந்தி விதை, உலர் திராட்சை, கேரவே விதை கிடைக்காததால் சீரகம் எல்லாம் சேர்த்து நன்றாகப் பிசைந்து சுட்டேன். மேற்புறம் அழகாகச் சிவந்தது. ஆனால் நடுவில் பிசுபிசுப்பு, வாயில் சோப்புச் சுவை. மறுநாள் வெட்டினால் விதைகளைச் சுற்றிப் பச்சை நிறம்! அது பூஞ்சணமா? சுவைக்காக எதை, எவ்வளவு சேர்க்கலாம்?

பதில்: நீங்கள் கண்டது பூஞ்சணம் அன்று. சூரியகாந்தி விதையில் குளோரோஜெனிக் அமிலம் என்ற பொருள் இயற்கையாகவே மிகுதியாக இருக்கிறது. மாவில் காரத்தன்மை ஏறும்போது அது ஆக்சிஜனோடும் புரதத்திலுள்ள அமினோ அமிலங்களோடும் வினைபுரிந்து பச்சை நிறமியாக மாறுகிறது. இந்த மாற்றம் ரொட்டி ஆறத் தொடங்கிய பிறகு மெல்ல நடப்பதால், ஓவனிலிருந்து எடுக்கும்போது தெரியாத நிறம் மறுநாள் பளிச்சென்று தெரிகிறது. பூஞ்சணமாக இருந்தால் அது மேற்பரப்பிலோ வெட்டிய முகத்திலோ மெல்லிய மயிர் போலப் படர்ந்திருக்கும், முடை நாற்றமும் வீசும். இந்தப் பச்சையோ ஒவ்வொரு விதையையும் மையமாகக் கொண்டு வளையமாக, ரொட்டியின் உட்புறத்திலேயே இருக்கும். இதைத் தின்பதால் உடலுக்குத் தீங்கில்லை.

ஆனால் பச்சை நிறமும் சோப்புச் சுவையும் ஒரே காரணத்தால் வந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். உங்கள் மாவில் சோடா அதிகம், அதை ஈடுகட்டும் புளிப்பு குறைவு. ஈஸ்ட் ரொட்டியில் கைக்கு வந்ததைப் போட்டாலும் நுண்ணுயிர் நேரம் எடுத்துக்கொண்டு தன் வேலையைச் செய்துவிடும். சோடா ரொட்டியில் அந்தச் சலுகை கிடையாது. சோடாவும் மோரிலுள்ள லாக்டிக் அமிலமும் சேர்ந்த கணத்திலேயே கரியமில வாயு கிளம்புகிறது. அந்த ஒரு வினைதான் ரொட்டியை உப்பவைக்கிறது. ஆகவே நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு பொருளும் மாவின் புளிப்பை, ஈரத்தை, வேகும் வெப்பத்தை எப்படி மாற்றுகிறது என்று பார்த்த பிறகுதான் சுவையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடிப்படை அளவுகளிலிருந்து தொடங்குவோம். 450 கிராம் மைதாவுக்கு 1 தேக்கரண்டி சமையல் சோடா, 1 தேக்கரண்டி உப்பு, 350 முதல் 400 மில்லி மோர். தேக்கரண்டி என்றால் கத்தியின் முதுகால் வழித்துச் சமப்படுத்திய தேக்கரண்டி. குவித்து எடுத்தால் கணக்கு கெட்டுவிடும். ஏனெனில் 240 மில்லி மோர் ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி சோடாவைத்தான் முழுமையாகச் சமன்செய்யும் என்பது சமையலில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. அந்தக் கணக்கின்படி 400 மில்லி மோருக்கு 1 தேக்கரண்டி என்பதே ஓரத்தைச் சற்றுத் தாண்டிய அளவு. நீங்கள் போட்ட 2 தேக்கரண்டியில் பெரும்பகுதி வினைபுரிய அமிலமின்றி அப்படியே தங்கி, சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறிச் சோப்புச் சுவையைத் தந்திருக்கிறது. கூடுதல் சோடா கூடுதலாக உப்பவைக்கும் என்ற எண்ணம் மிகப் பரவலானது, மிகத் தவறானதும்கூட.

கால்வேயில் இருந்துகொண்டு பாலில் எலுமிச்சை பிழிய வேண்டிய தேவையே இல்லை. அங்கே எந்தக் கடையிலும் மோர் அட்டைப்பெட்டியில் கிடைக்கும். அது நம் வீட்டு நீர்மோர் போன்றதன்று, கெட்டியானது, நல்ல புளிப்புள்ளது. அதுவே தீர்ந்துபோன நாளில், 400 மில்லி பாலுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்து பத்து நிமிடம் திரியவிட்டுப் பயன்படுத்தலாம். சில சொட்டுகள் போதவே போதா. தமிழ்நாட்டில் செய்ய விரும்புவோர் நன்கு புளித்த கெட்டித் தயிர் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து கொள்ளலாம்.

இந்த ரொட்டி ஏன் இவ்வளவு எளிமையாக அமைந்தது என்பதற்கு அயர்லாந்தின் மண்ணே காரணம். அங்கு விளையும் மென்மையான கோதுமையில் பசைப்புரதம் (குளூட்டன்) குறைவு என்பதால் ஈஸ்ட் ரொட்டிக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. வெண்ணெய் கடைந்த வீடுகளில் புளித்த மோர் எப்போதும் மிஞ்சும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சமையல் சோடா எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் இவை மூன்றும் ஒன்று சேர்ந்தன. 1836இல் நியூரி டெலிகிராப் என்ற செய்தித்தாளுக்கு ஒருவர் எழுதிய செய்முறை அச்சில் வந்தவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. முழுக்கோதுமை மாவு, உப்பு, சோடா, மிகப் புளித்த மோர் ஆகிய நான்கை மட்டும் கொண்ட அந்தக் குறிப்பு, மாவு கையாள முடிந்த அளவுக்கு எவ்வளவு தளர்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்கிறது. ஓவன் இல்லாத கிராமத்து வீடுகளில் பாஸ்டிபிள் எனப்படும் மூடியிட்ட இரும்புப் பானையில் மாவை வைத்து, பீட் எனப்படும் சதுப்புநிலக் கரியின் நெருப்பின்மேல் தொங்கவிட்டு, மூடியின் மேலும் தணலைப் பரப்பிச் சுட்டார்கள். கனமான மூடியிட்ட வார்ப்பிரும்புச் சட்டி உங்களிடம் இருந்தால், முதல் இருபது நிமிடம் அதிலேயே வைத்துச் சுடுவது இன்றும் நல்ல வழி.

இனி, சேர்க்கைகள். எல்லாம் சேர்த்து 450 கிராம் மாவுக்கு 150 கிராமைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. பசைப்புரதம் குறைந்த மாவு அதற்கு மேல் சுமையைத் தாங்காமல் அமுங்கிவிடும்.

உலர் திராட்சை அங்கு மரபாகவே சேர்க்கப்படுவது. அந்த இனிப்பு ரொட்டியை ஸ்பாட்டட் டாக் என்றும், சில இடங்களில் ரயில்வே கேக் என்றும் சொல்கிறார்கள். 100 கிராம் திராட்சையை வெதுவெதுப்பான தேநீர் வடிநீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, வடித்து, துணியில் ஒற்றி எடுத்துச் சேருங்கள். ஊறாத திராட்சை மாவின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஒற்றாத திராட்சையோ தன்னைச் சுற்றி வேகாத மாவை விட்டுவைக்கும். மேற்பரப்பில் தலைகாட்டும் திராட்சைகள் கருகிக் கசக்குமாதலால் அவற்றை விரலால் உள்ளே அழுத்திவிட வேண்டும். முட்டை சேர்க்க விரும்பினால் அதை அளவுக்குவளையில் உடைத்து ஊற்றி, அதன்மேல் மோர் விட்டு 400 மில்லி ஆக்குவது வழக்கம். அப்போது மோர் ஏறக்குறைய 50 மில்லி குறைகிறது, அதனோடு புளிப்பும் குறைகிறது. எனவே சோடாவையும் ஒரு சிட்டிகை குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் சேர்ந்தால் மேற்புறம் விரைவாகச் சிவக்கும் என்பதால் ஓவனின் சூட்டையும் தணிக்க வேண்டும்.

கேரவே விதைக்குச் சீரகம் ஈடாகாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் கேரவேயில் லேசான சோம்பு வாசனையும் எலுமிச்சைத் தோலின் சாயலும் உண்டு. சீரகமோ இனிப்பு ரொட்டியைக் குழம்பின் பக்கம் இழுத்துவிடும். 1 தேக்கரண்டி கேரவே போதும். கேரவேயைத் திராட்சையோடு சேர்ப்பது பெரும்பாலும் அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் குடும்பங்களின் வழக்கம். அயர்லாந்துப் பெரியவர்களில் சிலர் இதைக் கண்டு முகம் சுளிப்பார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

விதைகள் வேண்டுமென்றால் பூசணி விதைதான் தொந்தரவில்லாதது. சூரியகாந்தி விதையையே விரும்பினால் சோடாவை முக்கால் தேக்கரண்டியாகக் குறைத்து, மோரில் 1 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்துகொள்ளுங்கள். பச்சை முழுவதும் மறையாவிட்டாலும் வெகுவாக மங்கும். வால்நட் சேர்த்தால் அதன் தோலின் நிறம் மாவில் இறங்கிச் சாம்பல் கலந்த ஊதாவாகலாம். புளூபெர்ரியோ காரத்தன்மை ஏறிய மாவில் நீலப்பச்சையாகிவிடும். இவையும் தீங்கற்றவையே, ஆனால் விருந்தாளிக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

உப்புச்சுவை ரொட்டிதான் எனக்கு அதிகம் பிடித்தது. முதிர்ந்த செடார் சீஸ் 75 கிராமைப் பெரிய துளைகளில் துருவி மாவில் பாதியைக் கலந்து, மீதியைச் சுட்டு முடிவதற்குப் பதினைந்து நிமிடத்துக்கு முன் மேலே தூவுங்கள். சீஸில் உப்பு உள்ளதால் மாவில் போடும் உப்பைப் பாதியாக்குங்கள். இதனோடு பொடியாக நறுக்கிய ரோஸ்மேரி 1 மேசைக்கரண்டி நன்றாகப் பொருந்தும். வெங்காயத்தாள் சேர்த்தால் கழுவியபின் ஈரம் போகத் துடைத்து நறுக்க வேண்டும். நீங்கள் இருப்பது அயர்லாந்தின் மேற்குக் கரை என்பதால் டில்லிஸ்க் என்ற உலர்ந்த கடற்பாசியும் எளிதில் கிடைக்கும். அதைக் கத்தரியால் பொடியாக வெட்டி 2 மேசைக்கரண்டி சேர்த்தால் கடல் மணம் ஏறும், இதற்கும் உப்பைக் குறைக்க வேண்டும். மோருக்குப் பதிலாகக் கறுப்பு பீர் ஊற்றுவோரும் உண்டு. அதன் புளிப்பு சோடாவுக்குப் போதாது என்பதால் 150 மில்லிக்கு மேல் மாற்றாதீர்கள்.

நீங்கள் நன்றாகப் பிசைந்ததுதான் நடுப்பகுதி இறுகிப் பிசுபிசுத்ததற்கு முக்கியக் காரணமாக இருக்கும். முதலில் ஓவனை 230 டிகிரி செல்சியசில் சூடாக்கிவிட வேண்டும். விசிறி ஓவனானால் 210 போதும். மாவையும் சோடாவையும் உப்பையும் சலித்து, சேர்க்கைகளை உலர்ந்த மாவிலேயே புரட்டி, நடுவில் குழி செய்து மோரில் பெரும்பகுதியை ஒரேயடியாக ஊற்றுங்கள். விரல்களைப் பறவையின் கால்விரல்கள் போல விறைப்பாக விரித்து வட்டமாக நான்கைந்து முறை சுழற்றினால் மாவு திரண்டுவிடும். அது சப்பாத்தி மாவைவிட நன்கு தளர்ந்து, கையில் சற்றே ஒட்ட வேண்டும். மாவு தூவிய பலகையில் 4 சென்டிமீட்டர் உயர வட்டமாகத் தட்டி, கத்தியால் ஓரம் முதல் ஓரம் வரை ஆழமான சிலுவைக் கீறல் போட்டு, நான்கு கால்பகுதிகளிலும் ஒரு குத்துக் குத்துங்கள். தேவதைகள் வெளியேறுவதற்காக என்று அங்கே சொல்வார்கள். சேர்க்கைகள் நிறைந்த கனமான மாவின் நடுவுக்குச் சூடு போய்ச் சேர்வதும் அந்தக் கீறலால்தான்.

மோர் ஊற்றிய சில நிமிடங்களுக்குள் மாவு ஓவனுக்குள் போயாக வேண்டும். பதினைந்து நிமிடத்துக்குப் பின் சூட்டை 200 டிகிரிக்குக் குறைத்து மேலும் 25 முதல் 30 நிமிடம் சுட்டு, கடைசிச் சில நிமிடங்கள் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். சர்க்கரை, முட்டை சேர்த்த ரொட்டியை முதல் பத்து நிமிடத்திலேயே 180 டிகிரிக்கு இறக்கிவிடலாம். அடிப்புறத்தை விரல் மூட்டால் தட்டினால் உள்ளீடற்ற ஒலி கேட்க வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுவில் 93 டிகிரி காட்ட வேண்டும். பிறகு கம்பித் தட்டில் குறைந்தது அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சுடச்சுட வெட்டினால் நன்கு வெந்த ரொட்டியும் பிசுபிசுப்பாகவே தெரியும். மேலோடு மெத்தென்று இருக்க வேண்டுமானால் ஆறும்போதே பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். மறுநாளே உலரத் தொடங்கும் ரொட்டி இது என்பதால், அன்று தின்று மிஞ்சியதைத் துண்டுகளாக்கி உறைபெட்டியில் வைத்து, வேண்டும்போது உறைந்த நிலையிலேயே டோஸ்டரில் வாட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.