லிஃப்ட் போட்டாச்சு, முன் ஷாஃப்ட் அழுவுது: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சஸ்பென்ஷன் லிஃப்ட் (வண்டி உடம்பை ஆக்ஸிலை விட்டு உயர்த்தறது) பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் பத்தின புலம்பல்தான், அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸ்ல (இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கற பெட்டி) இருந்து முன் ஆக்ஸிலுக்கு சக்தி கொண்டு போற தண்டு. அதனால இந்த தடவை மத்த கேள்வி எல்லாத்தையும் ஓரமா வெச்சிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: அண்ணே, என்கிட்ட ஜீப் ராங்ளர் ஜேகே இருக்கு. 4 இன்ச் லிஃப்ட் போட்டு நாலு மாசம்தான் ஆச்சு, கீழ குனிஞ்சு பார்த்தா டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் முழுக்க கருப்பு கிரீஸ் தெறிச்சு கிடக்கு, ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கு. நான் ஃபோர் வீல் போடறதே மாசத்துக்கு ஒரு தடவைதான், அப்புறம் எப்படி கிழிஞ்சது? பூட் மட்டும் மாத்தினா போதுமா?

பதில்: போதாது தம்பி. பூட் மாத்தினா இன்னும் நாலு மாசம் கழிச்சு இதே கடிதத்தை தேதி மட்டும் மாத்தி அனுப்புவீங்க. 2007ல இருந்து 2018 வரைக்கும் வந்த ஜேகே மாடல்ல கம்பெனி முன் ஷாஃப்ட்டுக்கு ரெண்டு முனையிலயும் போட்டிருக்கறது ரெசெப்பா டைப் சிவி ஜாயின்ட் (கோணத்துலயும் ஒரே வேகத்துல சுத்தற மூட்டு), உள்ள பந்து பந்தா உருளும், மேல ரப்பர் பூட், உள்ள கிரீஸ். கம்பெனி உயரத்துல இருக்கற வரைக்கும் சத்தமே இல்லாம அருமையா ஓடும், ஆனா கோணம் ஏறினா பூட்டோட மடிப்பு ஒண்ணோட ஒண்ணு உரசி அறுந்துடும், கிரீஸ் வெளிய போயிடும், மண்ணு உள்ள வரும், மிச்ச கதை உங்களுக்கே தெரியும். ஃபோர் வீல் போடலன்னா ஷாஃப்ட் சுத்தாதுன்னு நினைச்சுட்டீங்க பாருங்க, அங்கதான் தப்பு. ஜேகேல ஃப்ரீ வீல் ஹப் (சக்கரத்தை ஆக்ஸில்ல இருந்து பிரிச்சு விடற ஹப்) கிடையாது, சக்கரம் சுத்தினா ஆக்ஸில் சுத்தும், ஆக்ஸில் சுத்தினா ஷாஃப்ட்டும் சுத்தும், நீங்க டூ வீல்ல ஹைவேல போற ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்த பூட் உரசிக்கிட்டேதான் இருந்திருக்கு.

கோணம் எவ்வளவு ஏறுதுன்னு ஒரு சின்ன கணக்கு. ஷாஃப்ட் நீளம் 28 இன்ச்னு வெச்சுக்கங்க, டிரான்ஸ்ஃபர் கேஸ் 4 இன்ச் மேல போனா சுமார் 8 டிகிரி கூடும். அதே 4 இன்ச் 40 இன்ச் ஷாஃப்ட்ல 6 டிகிரிக்கும் கீழதான். அதனாலதான் குட்டை ஷாஃப்ட் வண்டிக்காரங்க 3 இன்ச்சுலயே அழுவாங்க, நீள ஷாஃப்ட் வண்டிக்காரன் பக்கத்துல நின்னு சிரிப்பான். இதுவும் வண்டி சும்மா நிக்கும்போதுதான், கல்லு மேல ஏறி முன் ஆக்ஸில் தொங்கும்போது இன்னும் பல டிகிரி சேரும்.

உங்களுக்கு என் பதில் டபுள் கார்டன் ஷாஃப்ட். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் ரெண்டு க்ராஸ் (கூட்டல் குறி வடிவ மூட்டுத் துண்டு) பக்கத்துல பக்கத்துல இருக்கும், நடுவுல ஒரு சென்டரிங் பால், பினியன் (ஆக்ஸிலுக்குள்ள போற கியர் தண்டு) பக்கம் ஒரே க்ராஸ் உள்ள ஒத்தை யூ ஜாயின்ட். கோணத்தை ரெண்டு க்ராஸும் பாதி பாதியா பங்கு போட்டுக்கும். சைஸ்ல 1310, 1350னு ரெண்டு பேர் அடிக்கடி காதுல விழும். 1310க்கு கப் (க்ராஸோட முனையில மாட்டற பேரிங் மூடி) விட்டம் 1.062 இன்ச், 1350க்கு 1.188 இன்ச். சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும், ஆனா 37 இன்ச் டயரும் லோ ரேஞ்சும், ஆக்ஸிலோட ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டற லாக்கரும் சேர்ந்தா அந்த வித்தியாசம்தான் காப்பாத்தும். 33, 35 இன்ச் டயர், நிதானமான கால், இப்படின்னா 1310 தாராளமா போதும். பெருசா போட்டா நல்லதுதானேன்னு கேப்பீங்க, பெரிய ஜாயின்ட்டும் பெரிய ட்யூபும் எக்ஸாஸ்ட்ல இடிக்கும்ங்க, 2012ல இருந்து வந்த 3.6 லிட்டர் ஜேகேல அந்த க்ராஸ் ஓவர் பைப் ஏற்கனவே ஷாஃப்ட்டுக்கு ரொம்ப கிட்டதான் இருக்கு.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அளவு எடுங்க. வண்டி தன் வெயிட்ல சமதளத்துல நிக்கும்போது ஃபிளாஞ்சுல இருந்து ஃபிளாஞ்சு வரை ஒரு அளவு. அப்புறம் ஃப்ரேமுக்கு ஸ்டாண்ட் கொடுத்து முன் ஆக்ஸிலை முழுசா தொங்க விட்டு ஒரு அளவு, பம்ப் ஸ்டாப் தொடற வரைக்கும் ஆக்ஸிலை மேல ஏத்தி இன்னொண்ணு. தொங்கும்போது ஸ்ப்லைன் (ஷாஃப்ட் நீள, சுருங்க உதவற பல்லு வெச்ச பகுதி) கழண்டு வரக்கூடாது, அமுங்கும்போது ஸ்லிப் அடில போய் முட்டவும் கூடாது, முட்டினா அந்த அடி நேரா டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்குக்குதான் போகும். தொங்க விட்ட நிலைமையிலயே ஷாஃப்ட்டை கையால ஒரு முழு சுத்து சுத்திப் பாருங்க, எங்கயாவது யோக் (க்ராஸைப் பிடிக்கற கவை) யோக்கோட இடிச்சு நின்னா லிமிட் ஸ்ட்ராப் (ஆக்ஸில் ரொம்ப தொங்காம பிடிக்கற பட்டை) போடாம எந்த ஷாஃப்ட்டும் தாங்காது. இன்னொரு எச்சரிக்கை: சில கிட்ல பினியன் ஃபிளாஞ்சை கழட்டி யோக் மாத்தணும். அந்த பினியன் நட்டை இம்பாக்ட் கன் வெச்சு டர்ர்னு இறுக்க விடாதீங்க. உள்ள க்ரஷ் ஸ்லீவ் (நசுங்கியே பேரிங் இறுக்கத்தை வைக்கற குழல்) இருந்தா அது ஒரு தடவை அதிகமா நசுங்கினா நசுங்கினதுதான், பேரிங் ப்ரீலோட் (இறுக்கம்) அளவுக்கு மேல ஏறிடும், அப்புறம் டிஃப் (டிஃபரன்ஷியல்) ஊளையிடும்.

கேள்வி: சார், அட்ஜஸ்டபிள் கன்ட்ரோல் ஆர்ம் போட்டு பினியனை நேரா டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்கற மாதிரி தூக்கி வெச்சேன். ஷாஃப்ட் இப்ப வெண்ணெய் மாதிரி ஓடுது, ஆனா 90 கிலோமீட்டர் வேகத்துல போகும்போது ஸ்டீயரிங் இங்கயும் அங்கயும் அலையுது. ஷாஃப்ட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: சாலிட் ஆக்ஸில் வண்டியில ரொம்ப பெரிய சம்பந்தம். நக்கிள் (சக்கரத்தோட சேர்ந்து திரும்பற பாகம்) மாட்டற சி வடிவ துண்டு ரெண்டும் ஆக்ஸில் ட்யூபோட வெல்ட் பண்ணிருக்கும், அதனால பினியன் மூக்கை 3 டிகிரி தூக்கினா காஸ்டர்ல (ஸ்டீயரிங் அச்சு பின்னாடி சாயற கோணம்) 3 டிகிரி போச்சு. ஜேகேக்கு கம்பெனி காஸ்டரே 4.2 டிகிரிதான், லிஃப்ட் போட்டப்பவே கொஞ்சம் குறைஞ்சிருக்கும், மிச்சத்தை நீங்க எடுத்துட்டீங்க. காஸ்டர் இல்லாத ஸ்டீயரிங் தானா நேருக்கு திரும்பாது, அலையும்.

ரெண்டும் வேணும்னா சி வெல்டை அறுத்து திருப்பி மறுபடி வெல்ட் பண்ணணும், அது கைதேர்ந்தவங்க வேலை. அது முடியலன்னா நான் காஸ்டர் பக்கம்தான் நிப்பேன், பினியன் கோணம் 2, 3 டிகிரி தப்பா இருந்தாலும் பரவாயில்ல. ஏன்னா ஹைவேல டூ வீல்ல போகும்போது முன் ஷாஃப்ட்ல இன்ஜின் பாரம் இல்ல, சும்மா சுத்துது அவ்வளவுதான். பின் ஷாஃப்ட்ல இந்த சலுகை கிடையாது. இன்னொண்ணு, பினியன் பக்க ஜாயின்ட்டை சரியா ஜீரோ டிகிரில நிறுத்தறதும் நல்லதில்ல, ஊசி பேரிங் உருளாம ஒரே இடத்துல நின்னு தழும்பு போட்டுடும், அரை டிகிரி ஒரு டிகிரியாவது இருக்கட்டும்.

கேள்வி: 33 இன்ச் டயர், 4.10 ஆக்ஸில் ரேஷியோ, 80 கிலோமீட்டர் வேகத்துல ஒரு அதிர்வு. மூணு தடவை வீல் பேலன்ஸ் பண்ணியாச்சு, போகல.

பதில்: அது டயரா ஷாஃப்ட்டானு உடம்பாலயே கண்டுபிடிக்கலாம். உங்க டயர் 80ல நிமிஷத்துக்கு சுமார் 500 சுத்து, ஷாஃப்ட் அதை விட 4.1 மடங்கு, 2000க்கு மேல. டயர் கோளாறு ஸ்டீயரிங்கை மெதுவா குலுக்கும், ஷாஃப்ட் கோளாறு தரைலயும் சீட்லயும் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். கியரை நியூட்ரல்ல தள்ளி ஆக்ஸிலேட்டரை விட்டுப் பாருங்க, இன்ஜின் வேகம் இறங்கியும் அதிர்வு அப்படியே இருந்தா அது இன்ஜின் சமாச்சாரம் இல்ல. அப்புறம் முன் ஷாஃப்ட்டை கழட்டி ஓரமா வெச்சிட்டு டூ வீல்ல ஒரு ரவுண்டு போங்க, அதிர்வு காணாம போச்சுன்னா குற்றவாளி கையில கிடைச்சாச்சு. ஃபுல் டைம் ஃபோர் வீல் வண்டியா இருந்தா சென்டர் டிஃப் லாக் போடாம இப்படி நகரவே நகராது, அதை மறந்துட்டு வண்டி செத்துப் போச்சுன்னு எனக்கு ஃபோன் பண்ணவங்க இருக்காங்க.

ரெண்டு முனையிலயும் ஒத்தை யூ ஜாயின்ட் உள்ள ஷாஃப்ட்டா இருந்தா கோணத்தை அளங்க. ஒத்தை ஜாயின்ட் ஒரே வேகத்துல சுத்தாது, 20 டிகிரி கோணத்துல 2000 சுத்து உள்ள போனா வெளிய 1880க்கும் 2128க்கும் நடுவுல ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவை ஏறி இறங்கும். மறுமுனை ஜாயின்ட் அதே கோணத்துல, அதே ஃபேஸ்ல (ரெண்டு முனை யோக்கும் ஒரே வரிசையில நிக்கறது) இருந்தாதான் அந்த ஆட்டம் அடிபட்டு சமமாகும்.

ஃபேஸ்னதும் என் கதை ஒண்ணு. ஒரு ஒர்க்‌ஷாப்ல க்ராஸ் மாத்தக் கொடுத்தேன், ஸ்ப்லைனை உருவினவரு மார்க் போடாம உருவிட்டாரு, திரும்ப சொருகும்போது ஒரு பல்லு தள்ளி சொருகிட்டாரு. புது க்ராஸ், புது கிரீஸ், பழையதை விட மோசமான அதிர்வு. ரெண்டு வாரம் டயரையும் பேரிங்கையும் திட்டிட்டு இருந்தேன். இப்பல்லாம் பெயின்ட் மார்க்கர் இல்லாம வண்டிக்கு அடியில படுக்கறதே இல்ல.

கேள்வி: கிரீஸ் நிப்பிள் உள்ள க்ராஸ் நல்லதா, சீல் பண்ணதா? எப்பப்ப கிரீஸ் அடிக்கணும்?

பதில்: சீல் பண்ணதுல நடுவுல ஓட்டை கிடையாது, அதனால பலம் கூட. ஆனா சேறு, ஆறுன்னு இறங்கறவங்களுக்கு நிப்பிள் உள்ளதுதான் என் ஓட்டு, உள்ள போன தண்ணிய கிரீஸ் வெச்சே வெளிய தள்ளலாமே. என் கணக்கு 5000 கிலோமீட்டர், தண்ணில முங்கின ட்ரிப்னா வீட்டுக்கு வந்த அன்னைக்கே. என்எல்ஜிஐ 2 (கிரீஸோட கெட்டித்தன்மை எண்) லித்தியம் ஈபி கிரீஸ் போதும். நாலு கப்லயும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கணும், மூணுல வந்து ஒண்ணுல வரலன்னா ஷாஃப்ட்டை ஆட்டி ஆட்டி அடிங்க, அந்த வராத ஒண்ணுதான் நாளைக்கு சாகும். டபுள் கார்டன்ல எல்லாரும் மறக்கறது சென்டரிங் பால், அதோட நிப்பிள் உள்ள குழிஞ்சு இருக்கும், ஊசி மூக்கு அடாப்டர் இல்லாம எட்டாது.

கேள்வி: என் வண்டி முன்னாடி இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன். எனக்கும் ஷாஃப்ட் மாத்தணுமா?

பதில்: டிஃப் ஃப்ரேமோட சேர்ந்து மேல போயிடுதே, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் மாறாது. உங்க தலைவலி சக்கரத்துக்குப் போற ஆக்ஸில் சிவி. அதுக்குதான் டிஃப் ட்ராப் கிட், ஆனா டிஃப்பை இறக்கினா ப்ரொப்பல்லர் கோணமும் கொஞ்சம் மாறும், அதையும் பாத்துக்கங்க.

கேள்வி: மெதுவா போகும்போது முன்னாடி இருந்து குருவி கத்தற மாதிரி கீச் கீச்னு சத்தம், வேகம் போனா நின்னுடுது. அடுத்த மாச ட்ரிப் வரைக்கும் தாங்குமா?

பதில்: அந்த குருவி காய்ஞ்சு போன ஊசி பேரிங். கப் ஓரத்துல செங்கல் பொடி மாதிரி துரு தூள் இருக்கானு பாருங்க, இருந்தா கிரீஸ் அடிச்சு பிரயோஜனம் இல்ல, க்ராஸ் மாத்தணும். 1998ல இருந்து 2004 வரை வந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி 2 இதுக்கு பேர் போனது. கம்பெனி முன் ஷாஃப்ட்ல டபுள் கார்டன் பக்கம் நிப்பிளே கிடையாது, கீச்சு சத்தத்தை கண்டுக்காம ஓட்டினவங்களுக்கு ஷாஃப்ட் ஓடும்போதே கழண்டு சாட்டை மாதிரி சுழண்டு கியர்பாக்ஸ் கேஸையே உடைச்சிருக்கு. பினியன் பக்கம் கழண்டா இன்னும் மோசம், முனை ரோட்டுல குத்தி வண்டியவே தூக்கும். அதனால அடுத்த மாசம் வரைக்கும் வேணாம். உங்களுது பார்ட் டைம் ஃபோர் வீல்னா இன்னைக்கே ஷாஃப்ட்டை கழட்டி டிக்கில போடுங்க, க்ராஸ் வர்ற வரைக்கும் பின் சக்கரத்துல ஓட்டுங்க, போல்ட்டை மட்டும் தனியா ஒரு கவர்ல போட்டு வெச்சுக்கங்க.