ஆசிரியரின் வேலையும் போலீஸின் வேலையும்

வணக்கம் ஐயா,

பிரிட்டன் அரசின் பயங்கரவாத எதிர்ப்புத் திட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஆம்பூர் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். சந்தேகப்படும்படி இருக்கும் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் தகவல் சொல்ல வேண்டும் என்று அங்கே சட்டமே இருப்பதாகவும், அது சரியில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் தவறு தெரியவில்லை. மும்பையில் 166 பேர் செத்ததை டிவியில் பார்த்தவன் நான். நம் நாட்டிலும் அப்படி ஒரு கடமை இருந்தால் என்ன?

இன்னொரு விஷயம். என் வகுப்பில் ஒரு பையன், நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன். கொஞ்ச நாளாக யாரோடும் பேசுவதில்லை. எந்நேரமும் போனில் காஸா வீடியோக்கள். நோட்டின் பின்பக்கத்தில் கோபமாக என்னென்னவோ எழுதியிருந்தான். அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. இவனைப் பற்றி நான் யாரிடமாவது சொல்ல வேண்டுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஓர் ஆசிரியர், ஆம்பூர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அவசரமான கேள்வி இரண்டாவதுதான். ஆனால் முதல் கேள்வியைப் பேசாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

பிரிட்டனின் திட்டத்துக்குப் பெயர் காண்டெஸ்ட். 2003-இல் வகுத்து, 2006-இல் வெளியிட்டார்கள். இடையில் 2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேர் இறந்திருந்தார்கள். திட்டத்தில் நான்கு வேலைகள்: ஆட்கள் அந்தப் பக்கம் போகாமல் தடுப்பது, போனவர்களைத் துரத்திப் பிடிப்பது, பொது இடங்களைக் காப்பது, மீறி நடந்துவிட்டால் சமாளிக்கத் தயாராக இருப்பது. பின்னால் சொன்ன மூன்றிலும் எனக்கு எந்தத் தயக்கமும் கிடையாது. மும்பைக்குப் பிறகு பயங்கரவாத வழக்குகளை விசாரிக்க நாம் என்.ஐ.ஏ.வை அமைத்ததும், சென்னை உட்பட நான்கு நகரங்களில் என்.எஸ்.ஜி. கமாண்டோ வீரர்களை நிறுத்தியதும் செய்தே ஆக வேண்டிய காரியங்கள்.

தகராறு முதல் வேலையில்தான். ‘பிரிவென்ட்’ என்கிற அந்தப் பகுதியை 2015-இல் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை என்று எல்லோர் தலையிலும் சட்டக் கடமையாக வைத்தார்கள். 2023-24-இல் மட்டும் ஏறக்குறைய 6,900 பெயர்கள் போயின. அதிகம் அனுப்பியது கல்வி நிலையங்கள். அதிகம் மாட்டியது 11 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகள். அத்தனை பேரிலும், இவருக்கு நிஜமாகவே உதவி தேவை என்று சிறப்புக் கவனிப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

சரி, அந்தக் கொஞ்சம் பேர் கிடைத்தால் போதாதா என்பீர்கள். இங்கிலாந்தின் சௌத்போர்ட்டில் 2024 ஜூலையில் மூன்று சிறுமிகளைக் குத்திக் கொன்றவனைப் பாருங்கள். அவனைப் பற்றி மூன்று முறை தகவல் போயிருந்தது. ஆசிரியர்கள் தங்கள் பங்கைச் செய்திருந்தார்கள். தெளிவான சித்தாந்தம் எதுவும் இல்லை என்று மூன்று முறையும் கோப்பை மூடிவிட்டார்கள். பெயர் எழுதி அனுப்புவது மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது. அனுப்பிய பிறகு அந்தப் பையனோடு உட்கார ஆள் வேண்டும்.

இதைவிட நமக்குப் பக்கத்தில் நடந்தது இலங்கை. 2019 ஈஸ்டர் ஞாயிறு, மூன்று தேவாலயங்கள், மூன்று ஹோட்டல்கள், 260-க்கும் மேற்பட்ட உயிர்கள். தாக்குதல் வரப்போகிறது என்று இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4-ஆம் தேதியே சொல்லிவிட்டது. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரானின் பெயரோடு போலீஸ் வட்டாரத்துக்குள் கடிதமும் சுற்றியது. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் முகம்கொடுத்துப் பேசாத பகை. பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்குப் பிரதமரைக் கூப்பிடுவதே இல்லை. தகவல் அலுவலகங்களிலேயே கிடந்தது. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது.

இதெல்லாம் நாளிதழில் வந்ததுதான். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கும் முந்தைய கதை. ஸஹ்ரானைப் பற்றி முதலில் புகார் சொன்னவர்கள் அவன் சொந்த ஊரான காத்தான்குடியின் முஸ்லிம்கள். அவன் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. 2017-இல் அங்கே கைகலப்பே நடந்து, அதற்குப் பிறகு அவன் தலைமறைவானான். 2018 டிசம்பரில் மாவனெல்லைப் பக்கம் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டபோது போலீஸுக்குத் துணைநின்றவரும் ஒரு முஸ்லிம். அடுத்த மார்ச்சில், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அவரைத் தலையில் சுட்டார்கள். ஓர் அரசு தன் மக்களிடம் இதைவிட என்ன எதிர்பார்க்க முடியும்? ஊர் சொன்னது, உயிரைப் பணயம் வைத்துச் சொன்னது. கேட்கத்தான் ஆள் இல்லை.

குண்டு வெடித்த பிறகு அதே அரசு என்ன செய்தது தெரியுமா? கண்ணில் பட்டவர்களை எல்லாம் பிடித்தது. சட்டையில் கப்பல் சுக்கான் சக்கரம் போட்டிருந்த ஒரு முஸ்லிம் பெண்ணை, அது பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று சொல்லிச் சிறையில் வைத்தார்கள். அந்தத் தெருவில் நாளைக்கு ஒருவன் வெடிமருந்து வாங்குவது தெரிந்தால், யார் ஸ்டேஷன் படி ஏறுவார்?

உங்கள் யோசனைக்கு நான் தலையாட்டாததற்கு இதுதான் காரணம். பயங்கரவாதத்தைத் தடுக்கத் தகவல் வேண்டும். தகவல் பக்கத்தில் இருப்பவர்களிடமிருந்துதான் வரும்: அம்மா, மாமா, மசூதி முத்தவல்லி, வகுப்பு வாத்தியார். போலீஸுக்குப் போனால் பையனுக்கு நியாயம் கிடைக்கும் என்ற தைரியம் அவர்களுக்கு இருந்தால் வாய் திறப்பார்கள். ஒரு வாத்தியார் எல்லாப் பிள்ளைகள் மேலும் கண் வைத்துப் பெயர் அனுப்புகிறவர் என்று தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை அவரிடம் மனசைத் திறக்கும்?

நம் ஊர்ச் சிறையும் இதில் ஒரு சாட்சிதான். திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசிய பேச்சுக்காக வைகோ 2002 ஜூலையில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதாகி, வேலூர் மத்திய சிறையில் பத்தொன்பது மாதம் இருந்தார். அவர் அரசியலை ஏற்கிறோமா இல்லையா என்பது இங்கே கேள்வி இல்லை. அவர் உள்ளே இருக்கும்போதே, 2003 டிசம்பரில், வன்முறைக்கு உதவும் நோக்கமில்லாத வெறும் தார்மீக ஆதரவு பொடாவில் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா இன்னும் மோசம். பிடிபட்டவர்கள் 76 ஆயிரத்துக்கும் மேல். தண்டனை கிடைத்தது நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவு. மீதிப் பேரின் குடும்பங்கள் போலீஸைப் பார்த்து வணக்கம் வைக்கும், வாய் திறக்காது.

வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் லாட்ஜுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வங்காள எழுத்தில் போர்டு, மீன் குழம்பு கிடைக்கும் மெஸ், ரிசப்ஷனில் பேசும் அளவுக்கு வங்காளம் கற்றுக்கொண்ட நம் பையன்கள். வங்கதேசத்திலிருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களின் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்து, 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசின் ஃபாரத்தில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். அவசியமான சட்டம். ஆனால் அந்த ஃபாரத்தில் வராதது ரிசப்ஷன் பையனுக்குத் தெரியும். எந்த ரூம்காரருக்கு என்றைக்கு ஆபரேஷன், யார் பணம் வராமல் தவிக்கிறார், ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் அறையைப் பூட்டிக்கொண்டு கிடப்பது யார் என்று அவன் சொல்வான். வங்காளம் பேசுகிறவர்களை எல்லாம் நள்ளிரவில் எழுப்பி விசாரித்தால், அந்தக் கடைசி ஆளைப் பற்றி அவன் சொல்லமாட்டான். வம்பு எதற்கு என்று இருந்துவிடுவான்.

இப்போது உங்கள் மாணவனுக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பதில் குற்றம் எதுவும் இல்லை. காஸாவில் குழந்தைகள் சாவதைப் பார்த்து பதினேழு வயதுப் பையனுக்குக் கோபம் வருவதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? எனக்கும் வருகிறது. அவன் யாரோடும் பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. ஆள் சேர்க்கிறவன் தேடுவது தனியாகக் கிடக்கும் பையனைத்தான். அவனோடு நீங்கள் முதலில் பேசுங்கள். வகுப்பில் வேண்டாம், ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் எதிரிலும் வேண்டாம். அந்த வீடியோக்களைப் பற்றியே கேளுங்கள்: எங்கிருந்து வருகிறது, யார் அனுப்புகிறார்கள், பார்த்த பிறகு ராத்திரி தூக்கம் வருகிறதா? அவன் சொல்வதைப் பாதியில் வெட்டாதீர்கள். காரணம் வீட்டில் இருக்கலாம், ஒரு பெண்ணாக இருக்கலாம், மார்க் பயமாக இருக்கலாம்.

ஒருவேளை அவன் பேச்சில் ஒரு திட்டம் தெரிந்தால், ஓர் இடமோ நாளோ குறிப்பிட்டால், முகம் தெரியாத யாரோ தனிக் குழுவில் சேர்த்து வேலை கொடுப்பதாகச் சொன்னால், அல்லது ஏதாவது பொருள் வாங்கி வைத்திருந்தால், அன்றைக்கே தலைமையாசிரியரையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போலீஸுக்குப் போங்கள். அதில் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அது அவனைக் காட்டிக்கொடுப்பது ஆகாது. அவனையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறீர்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் விஷயம் உங்களுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவிலேயே இருக்கட்டும். அப்பா ஷிப்ட் முடிந்து வரும் நேரமாகப் பார்த்து ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். பையன் மேல் புகார் சொல்ல வந்ததாக அவர் நினைத்துவிடாமல், நன்றாகப் படிக்கிற பிள்ளை என்பதிலிருந்தே பேச்சை ஆரம்பியுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.