சீனுக்கு என்ன இசை போடலாம்? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நானும் மனைவியும் இப்போதுதான் பிடிஎஸ்எம் (இருவரும் சம்மதித்துக் கட்டுவது, அடிப்பது, அடங்குவது என்று விளையாடுவது) பக்கம் வந்திருக்கிறோம். சீனுக்கு, அதாவது அப்படி விளையாடும் நேரத்துக்கு, எந்த மாதிரி இசை சரிவரும்?

பதில்: கயிறு, அடி, எது வேண்டும் எது கூடாது என்றெல்லாம் முன்கூட்டியே பேசுவீர்கள் அல்லவா? அந்தப் பேச்சில் இசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இதமான தாளம் அவருக்கு எரிச்சலாக இருக்கலாம், ஏதோ ஒரு பாட்டு பழைய வலியைக் கிளறலாம். அவர் கண்ணைக் கட்டிய பிறகு அது தெரியவரக் கூடாது.

தொடக்கத்துக்கு வரிகள் இல்லாத, சட்டென்று மாறாத இசை நல்லது. 60, 70 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தாளத்துடிப்பு) போதும், மூச்சு தானாக நிதானப்படும். ஃப்ளாகர் (பல வார்கள் கொண்ட சவுக்கு) எடுக்கும் கட்டத்தில் 90, 100 வரை போகலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பாட்டு வேகமெடுத்தால் அடிக்கிற கையும் வேகமெடுக்கும், அடிப்பவருக்கே தெரியாது. அதனால் நடுவில் திடீரென்று எகிறும் பாட்டுகளை முதலிலேயே எடுத்துவிடுங்கள். எந்த வேகம் என்பதை அவருடைய மூச்சையும் தோலையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம், சத்தம். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். இசை அதற்குக் கீழேயே இருக்கட்டும். தொடங்கும் முன் இசையை ஓடவிட்டு, அவர் தலையணையில் முகம் புதைத்தபடி சேஃப்வேர்டை (சொன்னதும் எல்லாம் நிற்க வேண்டிய, முன்பே பேசிவைத்த சொல்) தாழ்ந்த குரலில் சொல்லட்டும். நீங்கள் அறையின் மறுகோடியில் நில்லுங்கள். கேட்கவில்லையா? இன்னும் குறையுங்கள்.

கேள்வி: நல்ல ப்ளேலிஸ்ட் ஒன்று தர முடியுமா?

பதில்: தர மாட்டேன். இருவரும் சேர்ந்து போடுங்கள்.

கேள்வி: நடுவில் சோப்பு விளம்பரம் வந்து மொத்த மூடும் போய்விட்டது.

பதில்: இலவசச் செயலியில் அப்படித்தான். பாட்டுகளை முன்பே இறக்கி வைத்து, ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், அழைப்பும் வராது. ஸ்பாட்டிஃபையில் கிராஸ்ஃபேடை 12 விநாடி வரை வைக்கலாம், பாட்டுக்கு நடுவே வெற்றிடம் விழாது.

கேள்வி: சப்புக்கு (விளையாட்டில் அடங்கிப்போகிறவருக்கு) நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், மிக ஆழமான அனுபவம் அது. கண்ணும் காதும் அடைபட்டால் தொடுதல் ஒவ்வொன்றும் பெரிதாகும். ஆனால் நீங்கள் “சரியா?” என்று கேட்பது அவர் காதில் விழாது. கையில் சாவிக்கொத்து கொடுங்கள், கீழே போட்டால் எல்லாம் நிற்க வேண்டும். நீங்கள் விரலை இருமுறை அழுத்தினால் அவரும் இருமுறை அழுத்த வேண்டும். ஒலியளவை அவரே வைக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம்தான்.

கேள்வி: வரிகள் வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். இளையராஜா இல்லாமல் எங்களுக்கு எதுவும் தொடங்காது.

பதில்: தொடங்கட்டும், நானும் அவர் பாட்டில் வளர்ந்தவள்தான். கதவைச் சாத்தி, விளக்கைக் குறைத்து, சப்பின் கழுத்தில் காலர் பட்டையைக் கட்டும் வரை அந்தப் பாட்டுகள் ஓடட்டும். அதற்குப் பிறகுதான் சிக்கல். தாய்மொழி வரி காதில் விழுந்தால் மனம் அதன் பின்னால் போய்விடும், அடுத்த வரியை உதடு முணுமுணுக்கும். உடம்பிலிருந்து வெளியே வந்துவிடுவார்.

கேள்வி: அதே ஆள்தான். முணுமுணுப்பதே எங்களுக்குப் பாதுகாப்பு அக்கா. பாடுவதை நிறுத்தினால் அவள் எங்கோ போய்விட்டாள் என்று எனக்குத் தெரியும்.

பதில்: இது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் இருவருக்குள் அது ஒரு சைகையாகிவிட்டது, விட்டுவிடாதீர்கள். ஆனால் பழகாத ஜோடிக்கு இதைச் சொல்ல மாட்டேன். மௌனம் சுகத்திலும் வரும், பயத்திலும் வரும். பாட்டு நின்றால் நீங்களும் நின்று, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கேள்வி: ப்ளேலிஸ்ட் ப்ளீஸ்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: அபார்ட்மென்ட் சுவர் மெல்லியது. சத்தமாகப் போட்டு மறைக்கலாமா?

பதில்: கூடாது. பக்கத்து வீட்டுக்குக் கேட்காதது உங்களுக்கும் கேட்காது. சத்தம் குறைந்த விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: எங்கள் சீன் பாட்டை அவருக்குத் தெரியாமல் அவர் ஃபோனில் ரிங்டோனாக வைக்கப் போகிறேன். அலுவலகத்தில் அடித்தால் எப்படி இருக்கும்!

பதில்: வேண்டாம். பலமுறை சேர்ந்து கேட்ட இசை உடம்பைத் தானாகவே அந்த நிலைக்குத் தள்ளும். அலுவலகத்தில் அது வேண்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். முதலில் கேளுங்கள்.

கேள்வி: முடிந்ததும் இசையை நிறுத்திவிடலாமா?

பதில்: சட்டென்று நிறுத்தாதீர்கள். சத்தத்தை மெல்லக் குறைத்து, போர்வை போர்த்தி, தண்ணீர் கொடுங்கள். ஆஃப்டர்கேருக்கு (முடிந்தபின் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் நேரத்துக்கு) என்று தனியாக இருபது நிமிட இசை வைத்திருந்தால் நல்லது. இங்கே இளையராஜாவுக்குத் தடையே இல்லை.

கேள்வி: கட்டும்போது கை மரத்துப்போகிறது, என்ன பாட்டு போட்டால் கவனம் திரும்பும்?

பதில்: பாட்டு எதுவும் வேண்டாம். உடனே கயிற்றை அவிழுங்கள், முடிச்சு சிக்கினால் வெட்டுங்கள். உணர்ச்சி திரும்பவில்லை என்றால் இன்றே மருத்துவரிடம் போங்கள்.