சாம்பாரில் எத்தனை கிராம் புரதம்? – கேள்வி பதில்

மருத்துவமனை உணவியல் பிரிவில் பணிபுரியும் நான், புரதப்பொடியைத் தவிர்த்து அன்றாட உணவிலிருந்தே புரதத்தைப் பெறுவது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். இதில் குறிப்பிடும் எடைகள் அனைத்தும் சமைப்பதற்கு முந்தைய எடைகள்.

கேள்வி: என் எடை 70 கிலோ. ஜிம்மில் தினமும் இரண்டு ஸ்கூப் வே புரோட்டீன் கட்டாயம் என்கிறார்கள். உணவிலேயே முடியாதா?

முடியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். உங்களுக்கு அது 58 கிராம். கடுமையாக எடை தூக்குபவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் 112 கிராம்தான். மூன்று முட்டையில் 18, கால் லிட்டர் பாலில் 8, எலும்பில்லாத கோழிக்கறி 150 கிராமில் 33, பருப்பு 50 கிராமில் 11, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு கிண்ணம் தயிரில் 6, பொட்டுக்கடலை 30 கிராமில் 6, நாள் முழுவதும் உண்ணும் அரிசி, கோதுமை 300 கிராமில் ஏறக்குறைய 22 என்று கூட்டிப் பாருங்கள், 111 வருகிறது. பொடி நஞ்சன்று, அது பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம். ஆனால் கட்டாயம் என்பது விற்பவரின் சொல்.

கேள்வி: முட்டையும் சேர்க்காத சைவம். 55 கிலோ. சோறும் பருப்பும் முழுமையான புரதம் ஆகாது என்கிறார்களே?

உங்கள் தேவை 46 கிராம்தான். புரதம் அமினோ அமிலங்கள் என்னும் கூறுகளால் ஆனது. அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறையும் மெத்தியோனைன் என்னும் இன்னோர் அமினோ அமிலத்தை அரிசி ஈடுசெய்கிறது. ஒரே கவளத்தில் இரண்டும் இருக்க வேண்டுமென்பதில்லை, அதே நாளில் இருந்தால் போதும். ஆனால் அளவு முக்கியம்: மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பாவது இருக்க வேண்டும். அந்த வகையில் நான்குக்கு ஒன்று என்று அரைக்கும் இட்லி மாவைவிட அடை மாவு மேலானது. மீல் மேக்கரில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. 30 கிராம் ஊறவைத்துக் குருமாவில் போட்டால் 15 கிராம் கிடைத்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சாம்பார். எங்களுக்கென்ன குறை?

நான்கு பேருக்கான சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் 22 கிராம் புரதம், தலைக்கு ஐந்தரை. ஒரு முட்டைக்கும் குறைவு. மற்றதெல்லாம் புளித்தண்ணீரும் காய்களும்.

கேள்வி: இதே சாம்பாரையும் பழைய சோற்றையும் உண்டுதானே நம் பாட்டன்மார் ஏர் உழுதார்கள்? சாம்பாரைக் குறை சொல்ல வேண்டாம்.

ஏர் உழுதவர் நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசியோ கம்போ உண்டிருந்தால், அந்தத் தானியத்திலிருந்து மட்டுமே 35 கிராமுக்கு மேல் புரதம் கிடைத்திருக்கும். நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கும் நாம் 150 கிராம் அரிசியோடு நிறுத்திக்கொள்கிறோம். அதில் 11 கிராம்தான். சோறு குறைந்தது, குறையட்டும். அந்த இடத்தில் பருப்பு கூடவில்லை என்பதே என் புகார்.

கேள்வி: முளைகட்டினால் பயறில் புரதம் இரட்டிப்பாகும் என்பது உண்மையா?

இல்லை. தண்ணீரை உறிஞ்சி எடைதான் கூடுகிறது. ஆகவே 100 கிராம் முளைப்பயறில் 100 கிராம் உலர்ந்த பயறைவிடப் புரதம் மிகவும் குறைவு. செரிமானம் எளிதாகும், வைட்டமின் சி கூடும்.

கேள்வி: பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் குடிக்கலாமா?

வேண்டாம். வெந்த முட்டைப் புரதத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு செரிக்கும், பச்சையில் பாதிதான். மஞ்சள் கருவைக் கொட்டிவிடுபவர்களும் கவனிக்கவும்: முட்டையின் 6 கிராமில் இரண்டரைக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: கிரியாட்டினின் 1.9. எவ்வளவு புரதம் உண்ணலாம்?

கிரியாட்டினின் என்பது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு. இது இங்கே கேட்க வேண்டிய கேள்வியன்று. மேலே எழுதிய எதையும் பின்பற்றாமல் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: 60 கிலோவுக்கு ஒரு சார்ட் போட்டுத் தர முடியுமா?

இது நான்காவது சார்ட் கேள்வி. 60-ஐ 0.83-ஆல் பெருக்குங்கள்; மீதி முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி: 200 கிராம் வெந்த பருப்பு சாப்பிட்டேன். 44 கிராம் புரதம்தானே?

தொடக்கத்திலேயே சொன்னேன், உலர்ந்த எடையை நிறுக்க வேண்டும் என்று. வெந்த பருப்பில் பெரும்பகுதி தண்ணீர். கெட்டியாக இருந்தாலும் உங்களுக்குக் கிடைத்தது 15 கிராமை ஒட்டியே இருக்கும்.

கேள்வி: சாம்பார்க்காரர் மீண்டும் வருகிறேன். தராசில் நிறுத்தேன். ஐந்து பேருக்கு 80 கிராம் பருப்புதான் போடுகிறோம். என்ன செய்வது?

தலைக்கு மூன்றரை கிராம். நிறுத்துப் பார்த்ததற்கு நன்றி. சாம்பாரை மாற்ற வேண்டாம், அதன் ருசியே அந்த நீர்ப்பதத்தில்தான் இருக்கிறது. மாலையில் தலைக்கு 40 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்குங்கள், 8 கிராம் சேரும். காலையில் ஊறப்போட மறந்துவிட்டால், பச்சைப்பயறை ஊறவைக்காமலே குக்கரில் வேகவைத்துவிடலாம்.