ஆன்லைனில் பி.என்.ஏ. படித்தால் சம்பளம் கூடுமா? வார்டு வேலையோடு சமாளிக்க முடியுமா?

இங்கிலாந்தில் என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனை ஒன்றில் பேண்ட் 5 சம்பள நிலையில் ஸ்டாஃப் நர்ஸாக இருப்பதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். நான் அங்கே ஐ.சி.யு. நர்ஸ், புரொஃபஷனல் நர்ஸ் அட்வகேட் (பி.என்.ஏ.) படிப்பை முடித்தவள்.

சம்பளம் கூடாது. இருக்கிற வேலையோடு சேர்த்துப் பார்க்கும் பொறுப்புதான் இது. ரோஸ்டர் போடுவது, அப்ரைசல் எழுதுவது எல்லாம் மேனேஜர் பாடு. உங்கள் வேலை, சக நர்ஸ் மனம் விட்டுப் பேச இடம் கொடுத்து, அவரே யோசித்துத் தெளிய உதவுவது. கோவிட் காலத்தில் ஐ.சி.யு. நர்ஸுகள் நொந்துபோயிருந்தபோது, 2021 மார்ச்சில் என்.எச்.எஸ். இங்கிலாந்து இதைத் தொடங்கியது. மிட்வைஃபுகளுக்கு 2017லேயே இப்படி ஒன்று வந்துவிட்டது.

படிப்பு லெவல் 7, அதாவது மாஸ்டர்ஸ் தரம். மொத்தம் சுமார் 10 நாள் வகுப்பு; எனக்கு எல்லாமே டீம்ஸ் வீடியோ காலில்தான் நடந்தது. தியரி பயப்படும்படி இல்லை. சக ஊழியருக்குத் துணைநிற்கும் சூப்பர்விஷனுக்கு பிரிஜிட் பிராக்டர் என்பவர் சொன்ன மூன்று பகுதிகள் (கற்றல், தரம், மனதைத் தேற்றுதல்), அதோடு தர மேம்பாடு. பி.என்.ஏ. வேலைக்கு அடிப்படையான ஏ-ஈக்விப் மாடல் அவ்வளவுதான்.

கஷ்டம் பிரேக்கவுட் ரூமில், அதாவது வகுப்பைச் சின்னக் குழுக்களாகப் பிரித்துப் பேசிப் பழக விடும்போது. ஒருவர் பேச, ஒருவர் கேட்க, மூன்றாமவர் கவனிக்க வேண்டும். "எனக்கு இந்த வேலையே சரிப்படாதோ" என்று ஒருவர் சொன்னதும், "நானா இருந்தா என்ன செய்வேன்னா..." என்று நம் வாய் தானாகத் திறக்கும். வார்டில் பழகிய கை அப்படி! அதை அடக்கிச் சும்மா இருக்க வேண்டும். திரையில் அது இன்னும் சிரமம்: எதிரில் இருப்பவர் யோசிக்கிறாரா, நெட் போய்விட்டதா என்றே தெரியாது. கேமராவை அணைக்காதீர்கள்.

அசைன்மென்ட்டுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். மனப்பாடம் செய்து பி.எஸ்சி. தேறிய நமக்கு ரிஃப்ளெக்டிவ் எழுத்து (நம் அனுபவத்தை நாமே அலசி எழுதுவது) புதுசு. யுனிவர்சிட்டி லைப்ரரியில் கேட்டால் சொல்லித் தருவார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் ரீவேலிடேஷனுக்குக் (நர்ஸ் பதிவைப் புதுப்பிப்பது) காட்ட வேண்டிய 35 மணி நேரப் படிப்பிலும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் முக்கியமான விஷயம். 20 நர்ஸுக்கு ஒரு பி.என்.ஏ. என்பது 2025க்குள் எட்ட வைத்திருந்த இலக்கு. ஆனால் வார்டில் ஆள் குறைந்தால் முதலில் ரத்தாவது சக நர்ஸோடு பி.என்.ஏ. உட்கார்ந்து பேசும் இந்த செஷன்தான். சேர மேனேஜர் ஒப்புதல் வேண்டும் அல்லவா, அப்போதே மாதத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவார் என்று இமெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள். அவர் மழுப்பினால், உங்கள் டிரஸ்ட்டின் (மருத்துவமனையை நடத்தும் என்.எச்.எஸ். அமைப்பு) லீட் பி.என்.ஏ.விடம், அதாவது அங்கே பி.என்.ஏ.க்களுக்குத் தலைமையாக இருப்பவரிடம், பேசிவிட்டு அப்ளை செய்யுங்கள்.